‘கேமிங்’ என்ற சொல்லும் மொழியியல் துறைகளின் தயக்கமும்

கொல்கத்தாவில் மொழியியல் ஆய்வு செய்யும் ஒரு மாணவர் தம் கையிலுள்ள பணத்துக்கு வாங்கக்கூடிய மிகச் சிறந்த ஆய்வுக் கருவி, சாந்தினி சௌக் கடைகளில் ‘கேமிங் பிசி’ என்ற பெயரில் விற்கப்படும் பொருள்தான். இக்கூற்றை ஏற்க மறுக்கும் இரு தரப்பினரோடு வாதிடவே இந்த நீண்ட பதிவு. ஒரு தரப்பு நம் துறைகள். ‘கேமிங்’ என்ற சொல்லைக் கண்டதும் கோப்பை மூடிவிடுகின்றன. மறு தரப்பு நம் மாணவ நண்பர்கள். அதே சொல்லைக் கண்டதும் பணப்பையைத் திறந்துவிடுகிறார்கள். இரு தரப்பினரும் பொருளைப் பார்க்கவில்லை, சொல்லைத்தான் பார்க்கிறார்கள். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு இடுகுறித்தன்மையது என்று முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் துறையில் இது நிகழ்வது வியப்பளிக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு துறையில், பேச்சொலி ஆய்வுக்காகக் கோரப்பட்ட கணினியின் விலைப்புள்ளி, அதிலிருந்த கிராஃபிக்ஸ் கார்டின் வணிகப் பெயரில் ‘கேமிங்’ என்ற சொல் இடம்பெற்றிருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டது. அச்சொல்லை நீக்கி, ‘கணிப்பு முடுக்கி’ என்று எழுதி அனுப்பியதும் கையொப்பம் கிடைத்தது. பொருள் மாறவில்லை, விலை மாறவில்லை, பெயர் மட்டுமே மாறியது. கடைத்தெருவில் இதே பெயரடை எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ‘கேமிங்’ நாற்காலி, ‘கேமிங்’ மவுஸ், ‘கேமிங்’ கேபினெட் என எதன் முன்னொட்டாக வந்தாலும் விலையை உயர்த்துகிறது. அலுவலகத்தில் இழுக்கு, அங்காடியில் மதிப்பு. இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதே ஆய்வாளரின் வேலை.

கேளிக்கைக்காக உருவான கருவி மொழி ஆய்வுக்குப் பயன்படுவது இந்நகரத்துக்குப் புதிதன்று. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் கிராமஃபோன் தட்டில் பதிவானது. 1908இல் கிராமஃபோன் நிறுவனம் சியால்தாவில் இசைத்தட்டு ஆலையே நிறுவியது. அக்காலத்தில் அது செல்வர் வீட்டுக் கூடத்தின் பொழுதுபோக்குப் பொருள். ஆனால் கிரியர்சனின் இந்திய மொழிகள் அளவாய்வுடன் இணைந்து, 1913 முதல் 1929 வரை இத்துணைக்கண்டத்தின் மொழிகளும் கிளைமொழிகளும் அதே கருவியில்தான் பதிவு செய்யப்பட்டன. இன்று அப்பதிவுகளைக் கேட்டு நூறாண்டுக்கு முந்தைய உச்சரிப்பை ஆராய்கிறோம். இசைத்தட்டுக்கும் இலக்கணத்துக்கும் என்ன தொடர்பு என்று யாரேனும் அன்று கோப்பைத் திருப்பியிருந்தால், நம் ஒலியியல் வரலாற்றில் ஓர் அத்தியாயமே இல்லாமற்போயிருக்கும்.

கிராஃபிக்ஸ் கார்டின் வரலாறும் இதையொத்ததே. திரையிலுள்ள பல இலட்சம் புள்ளிகளின் நிறத்தை ஒரே நேரத்தில் கணக்கிடுவதற்காக, எளிய கணிப்பு அலகுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி அமைத்த கருவி அது. அணிகளைப் பெருக்குவதும் அதே வகைக் கணக்குதான் என்பதை ஆய்வாளர்கள் கண்டுகொண்டனர். 2007இல் என்விடியா வெளியிட்ட கியூடா மென்பொருள் அந்த வழியைப் பொதுவழியாக்கியது. 2012இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ்நெட், படங்களை அடையாளங்காணும் போட்டியில் மற்றவற்றையெல்லாம் பின்தள்ளி வென்றது. அது இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில் பயிற்றுவிக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 3 ஜிபி நினைவகம். இரண்டுமே விளையாட்டுப் பிரியர்களுக்காகக் கடையில் விற்கப்பட்டவை. இன்று நம் கருத்தரங்குகளில் ஓயாமல் பேசப்படும் ஆழ்கற்றலின் எழுச்சி அந்தக் கார்டுகளிலிருந்து தொடங்கியது. இன்னொரு சான்றும் உண்டு. விளையாட்டுக்கான ஜிஃபோர்ஸ் கார்டுகளைத் தரவு மையங்களில் பயன்படுத்தக்கூடாது என்று 2017 இறுதியில் அந்நிறுவனம் தன் மென்பொருள் உரிமத்தில் ஒரு விதியைச் சேர்த்தது. வேலைக்கு உதவாத பொருளுக்கு யாரும் தடை விதிப்பதில்லை. விற்பவருக்குத் தெரிந்த உண்மை நம் கொள்முதல் குழுக்களுக்குத் தெரியவில்லை.

எல்லா மொழியியலாளருக்கும் இத்தகைய கணினி வேண்டுமா? வேண்டாம். பிராட் மென்பொருளில் உயிரொலிகளின் ஒலியலைச் செறிவை அளப்பவருக்கும், ஈலான் மென்பொருளில் உரையாடலைப் படியெடுப்பவருக்கும் பத்தாண்டுப் பழைய மேசைக் கணினியே போதும். ராமைக் கூட்டி, வன்தட்டை மாற்றி எஸ்எஸ்டி பொருத்தினால் அது இன்னும் சில ஆண்டுகள் ஓடும். தேவையில்லாதவர் வாங்குவதும் வீண்செலவே. ஆனால் பேச்சைத் தானாக எழுத்தாக்கும் மாதிரிகளை ஒரு புதிய மொழிக்குப் பழக்க நினைப்பவருக்கும், பெருந்தரவகத்தை இயந்திரத்தின் துணையோடு இலக்கணக் குறியீடு செய்ய நினைப்பவருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு இன்றி வழியில்லை.

இது யாருடைய மொழிகளைப் பற்றிய கேள்வி என்பதையும் காண வேண்டும். 2022 செப்டம்பரில் வெளியான விஸ்பர், 6,80,000 மணிநேரப் பேச்சைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. அதன் பட்டியலில் தமிழ் உண்டு, வங்காளம் உண்டு. சந்தாலி இல்லை. தமிழின் உறவுமொழியாகிய குரூக், 2018 முதல் மேற்கு வங்கத்தின் அலுவல் மொழிகளுள் ஒன்று; அதுவும் இல்லை. அலிப்பூர்துவார் மாவட்டத்தின் டோட்டோபாரா என்ற ஒரே ஊரைத் தாயகமாகக் கொண்ட டோட்டோ மொழி இல்லவே இல்லை. இம்மொழிகளுக்கு எந்தப் பெருநிறுவனமும் அவசரப்பட்டு மாதிரி செய்து தரப்போவதில்லை. சந்தை சிறியது என்பதால் அவர்களுக்கு அது கணக்கில் வராது. அம்மொழிகளைப் படிக்கும் ஓர் ஆய்வு மாணவர், சில பத்து மணிநேரப் பதிவுகளை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே பயின்ற மாதிரியைப் புதிய மொழிக்குத் திருப்பிப் பழக்கினால்தான் உண்டு. அந்த மாணவரின் மேசையில் இருக்கும் கார்டில் எத்தனை ஜிபி நினைவகம் உள்ளது என்பது, அம்மொழிக்கு ஒரு கருவி கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். வழக்கமான முறையில் ஒரு மாதிரியைப் பழக்கும்போது ஒவ்வொரு அளபுருவுக்கும் ஏறத்தாழ 16 பைட் நினைவகம் தேவைப்படுகிறது. அளபுருவின் மதிப்பு, அதன் சரிவு, அதைத் திருத்தும் நெறிமுறை வைத்துக்கொள்ளும் இரண்டு எண்கள் ஆகிய நான்குக்கும் தலா 4 பைட். விஸ்பரின் ‘ஸ்மால்’ மாதிரியில் 24.4 கோடி அளபுருக்கள் உள்ளன. 16ஆல் பெருக்கினால் சுமார் 3.9 ஜிபி. இடைநிலைக் கணக்குகளுக்கு இன்னும் சில ஜிபி வேண்டும். ஒரு நேரத்தில் ஊட்டும் ஒலித்துண்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் 12 ஜிபிக்குள் அடங்கிவிடும். ‘மீடியம்’ மாதிரியில் 76.9 கோடி அளபுருக்கள். அதற்கு 12.3 ஜிபி. இடைநிலைக் கணக்கைச் சேர்க்கும் முன்பே 12 ஜிபி கார்டு நிரம்பிவிடுகிறது. சிக்கன உத்திகளைக் கையாளாமல் அதைப் பழக்க முடியாது. பழக்காமல் வெறுமனே இயக்குவதற்கே ‘லார்ஜ்’ மாதிரிக்குச் சுமார் 10 ஜிபி வேண்டும் என்று அதை வெளியிட்டவர்களே குறிப்பிட்டுள்ளனர். ஆக, 8 ஜிபிக்கும் 12 ஜிபிக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. வேகம் குறைந்தால் ஒரு மணிநேர வேலை மூன்று மணிநேரம் ஆகும், அவ்வளவே. நினைவகம் குறைந்தால் வேலை தொடங்கவே செய்யாது.

இனி மாணவ நண்பர்களோடு என் வாதம். கணேஷ் சந்திர அவென்யூவுக்கும் சித்தரஞ்சன் அவென்யூவுக்கும் இடைப்பட்ட அந்தக் கடைவீதி, சென்னையின் ரிச்சி தெருவுக்கு நிகரானது. ஈமாலின் மாடிகளிலும் சுற்றியுள்ள சந்துகளிலும் கிடைக்காத உதிரிப்பாகம் அரிது. ஆனால் அங்கே நுழையும் மாணவர்களுள் பலர் கண்ணாடிப் பக்கச்சுவரையும் வண்ண விளக்குகளையும் முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, மீதியிருக்கும் பணத்தில் கார்டைத் தேடுகிறார்கள். வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். மொத்தச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கைக் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள். எஞ்சியதை மற்றவற்றுக்குப் பகிருங்கள். விளக்குக்கு எதுவும் ஒதுக்காதீர்கள்.

கார்டின் பெயரை நம்பாதீர்கள். மொழியியலில் ஒப்புருச் சொற்களைப் பற்றிப் படிக்கிறோம். கணினிச் சந்தை அவற்றின் விளைநிலம். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே பெயரில் 2021இல் வந்த 12 ஜிபி கார்டும் பின்னர் வந்த 8 ஜிபி கார்டும் உள்ளன. முன்னதன் நினைவகப் பாதை 192 பிட், பின்னதன் பாதை 128 பிட் மட்டுமே. மடிக்கணினியில் அதே பெயரோடு வருவதில் 6 ஜிபிதான். ஆர்டிஎக்ஸ் 3050இலும் 8 ஜிபி, 6 ஜிபி என இரு வடிவங்கள்; 2024இல் வந்த 6 ஜிபி வடிவத்தில் கணிப்பு அலகுகளும் குறைவு. 2025 ஏப்ரலில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 8 ஜிபியாகவும் 16 ஜிபியாகவும் விற்கப்படுகிறது. அட்டைப்பெட்டியின் மூலையில் உள்ள சிறிய எண்ணைப் படிக்காமல் பணம் கொடுக்கக்கூடாது.

தலைமுறை எண்ணையும் நம்பாதீர்கள். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 விளையாட்டில் 3060ஐவிட வேகமானது. 170 வாட்டுக்குப் பதிலாக 115 வாட்டில் இயங்குவதால் மின்சாரமும் மிச்சம். ஆனால் அதில் 8 ஜிபி மட்டுமே. விளையாட மட்டும் விரும்புபவருக்கு அது நல்ல தேர்வு. மாதிரிகளைப் பழக்க வேண்டியவருக்கு அதைவிடப் பழைய 12 ஜிபி கார்டே மேல். இன்டெல் நிறுவனத்தின் ஆர்க் பி580, 2024 டிசம்பரில் 249 டாலர் அறிமுக விலையில் 12 ஜிபியுடன் வந்தது. விலைக்கு அது மதிப்புள்ள பொருள்தான். எனினும் ஆய்வு மென்பொருள்கள் பெரும்பாலும் கியூடாவை முன்னிறுத்தியே எழுதப்படுவதால், வேறு நிறுவனத்தின் கார்டை வாங்குபவர் அமைப்புச் சிக்கல்களைத் தீர்ப்பதற்கெனத் தனியே நேரம் ஒதுக்க வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஓராண்டு இருப்பவர் அதை எண்ணிப் பார்க்கட்டும்.

பழைய கார்டுகளும் சந்தையில் உண்டு. 2022 செப்டம்பரில் எத்திரியம் தன் முறையை மாற்றிக்கொண்டபின், அதுவரை நாணயம் ‘தோண்டிய’ கார்டுகள் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. கடையிலேயே அரைமணி நேரம் முழுச்சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெப்பநிலையையும் விசிறியின் ஓசையையும் கவனியுங்கள். புதிய பொருளாயின், பில் வேண்டாம் என்றால் வரியைக் குறைத்துத் தருகிறேன் என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். 18 விழுக்காடு ஜிஎஸ்டி வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் பில் இல்லாமல் வாங்கிய கார்டு எட்டாம் மாதத்தில் நின்றுபோனால் உத்தரவாதத்தைக் கோர உங்களிடம் எதுவும் இருக்காது.

பிராசஸரில் மிகையாகச் செலவிட வேண்டாம். ரைசன் 5 5600, கோர் ஐ5-12400எஃப் ஆகிய இரண்டும் 2022இல் வந்தவை. இரண்டிலும் ஆறு கருக்கள், பன்னிரண்டு இழைகள். இப்பணிக்கு அவை போதும். இன்டெல் பெயர்களின் இறுதியில் வரும் ‘எஃப்’ என்ற ஓரெழுத்து விகுதியின் பொருளை அறிந்துகொள்ளுங்கள்: திரையை இயக்கும் வசதி அந்தப் பிராசஸருக்குள் இல்லை என்பதே அது. தனிக் கார்டு இன்றி அக்கணினியில் ஒன்றும் தெரியாது. கையில் இப்போது பாதிப் பணம்தான் இருக்கிறது என்பவர், திரை வசதி உள்ளடங்கிய ரைசன் 5 5600ஜியை வாங்கி இப்போதைக்குப் படியெடுப்பு வேலைகளைத் தொடங்கலாம். அடுத்த ஆண்டு கார்டைச் சேர்க்கலாம். முழுக் கணினியையும் ஒரே நாளில் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லாமைதான் உதிரிப்பாகங்களாக வாங்குவதன் முதன்மையான நன்மை. ராமை ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு துண்டுகளாக வாங்கிப் பொருத்துங்கள். இரு வழிகளிலும் தரவு பாயும். தனிக் கார்டு இல்லாத காலத்தில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

மலிவு என்ற பெயரில் மிகுந்த ஏமாற்று நடப்பது எஸ்எம்பிஎஸ்ஸில். கேபினெட்டுடன் இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ‘450 வாட்’ என்று அச்சிட்டிருக்கலாம். பக்கவாட்டிலுள்ள அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால், கார்டுக்கும் பிராசஸருக்கும் அது தரக்கூடியது 12 பெருக்கல் 18, அதாவது 216 வாட் மட்டுமே. 170 வாட் கார்டும் 65 வாட் பிராசஸரும் சேர்ந்தால் 235 வாட். பழக்கும் பணி இரவு முழுவதும் முழுச்சுமையில் ஓடும். அச்சுமையில் தரமற்ற எஸ்எம்பிஎஸ் எரியும்போது தான் மட்டும் எரிவதில்லை, மதர்போர்டையும் கார்டையும் உடன் அழைத்துச் செல்லும். 80 பிளஸ் சான்று பெற்ற, 550 வாட் அளவிலான நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை வாங்குங்கள். காலபைசாகிப் புயலின் மாலைகளில் மின்சாரம் கண்சிமிட்டும் நகரம் இது. யுபிஎஸ் ஒன்றையும் கணக்கில் சேருங்கள். கேபினெட்டில் முன்பக்கம் கண்ணாடி இருப்பதைவிடக் காற்றுப் புகும் வலை இருப்பது இவ்வூர்ப் புழுக்கத்துக்கு ஏற்றது.

சேமிப்புக்கும் ஒரு கணக்கு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரு தடப் பதிவு ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி. நூறு மணிநேரக் களப்பதிவுக்கு 100 ஜிபி. 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று முனைவர் பட்டக் காலம் முழுவதற்கும் போதும். நகலெடுத்து வைக்கப் பழைய வன்தட்டு ஒன்று தனியே இருக்கட்டும்.

மீண்டும் துறைகளிடம் வருகிறேன். துறைகள் வாங்கும் ‘அலுவலக’ மேசைக் கணினிகளில் பல, உரிய நிறுவனத்துக்கே உரித்தான வடிவில் செய்த மதர்போர்டும் குறைந்த வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் கொண்டவை. மூன்றாண்டுக்குப் பின் ஒரு நல்ல கார்டைப் பொருத்தலாம் என்றால் மின் இணைப்பானும் இராது, இடமும் இராது. முழுக் கணினியையும் தூக்கி வைத்துவிட்டு அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்குக் காத்திருக்க வேண்டும். சிக்கனம் என்ற பெயரால் நடக்கும் இந்தக் கொள்முதலில் வீணாகும் பொதுப்பணத்தைப் பற்றி யாரும் கேள்வி எழுப்புவதில்லை. ஒரு மாணவர் உதிரிப்பாகங்களின் பட்டியலைக் கொடுத்தால் மட்டும் தணிக்கை நினைவுக்கு வருகிறது.

பணத்தின் அளவையும் பார்க்கலாம். 2023 ஜனவரி முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். தேசியத் தகுதித் தேர்வு வழியாக வராத மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய். கன்டிஜென்சி நிதியிலோ ஒரு பாகுபாடு எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது: மானிடவியல், சமூக அறிவியல் புலத்தாருக்கு முதல் இரண்டாண்டுகள் ஆண்டுக்கு 10,000, அதன்பின் 20,500 ரூபாய், அறிவியல் புலத்தாருக்கு 12,000, அதன்பின் 25,000. ஐந்தாண்டுக் கணக்கில் 81,500க்கு எதிராக 99,000. மொழியைப் படிப்பவருக்குத் தாளும் பேனாவும் போதும் என்ற பழைய கற்பனைக்குக் கொடுக்கப்பட்ட விலை அந்த 17,500 ரூபாய். பல்கலைக்கழகம் வழக்கமாக வழங்கும் பொருள்களை அந்நிதியில் வாங்கக்கூடாது என்பது விதி. கணினி அவ்வகைப் பொருள் என்று அலுவலகம் மறுக்கிறது. ‘வழக்கமாக’ வழங்கப்படும் அக்கணினியோ எந்த மாதிரியையும் பழக்க வல்லதாக இல்லை.

இதற்கு எழும் மறுப்புகளையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். முதலாவது: சொந்தக் கணினி எதற்கு, நாட்டில் மீக்கணினிகள் இருக்கின்றனவே? இருக்கின்றன. 2024 செப்டம்பர் 26 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட மூன்று பரம் ருத்ரா மீக்கணினிகளுள் ஒன்று இதே கொல்கத்தாவில், சத்யேந்திர நாத் போஸ் தேசிய அடிப்படை அறிவியல் மையத்தில் இருக்கிறது. அது இயற்பியல் முதலான அறிவியல் ஆய்வுகளை மனத்திற்கொண்டு நிறுவப்பட்டது. 2024 மார்ச்சில் 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் பெற்ற இந்திய செயற்கை நுண்ணறிவு இயக்கம், கார்டுகளைக் குறைந்த மணிநேர வாடகைக்குத் தருகிறது. இவற்றை வரவேற்கிறேன், பெரிய பணிக்கு அவையே பொருத்தம். ஆனால் கற்றல் என்பது நூறுமுறை தவறாக ஓட்டி நூற்றோராம் முறை சரியாக ஓட்டுவது. விண்ணப்பம், ஒப்புதல், வரிசை, நேர வரம்பு ஆகியவற்றுக்கு நடுவே அத்தகைய தவறுகளைச் செய்ய இயலாது. தவறு செய்யும் உரிமை மேசைமேல் இருக்கும் கணினியில்தான் கிடைக்கும். இலவச இணையச் சேவைகளோ பாதி வழியில் இணைப்பைத் துண்டித்துவிடும்.

வாடகைக் கணினிக்கு எதிராக இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. டோட்டோபாராவில் ஒரு மூதாட்டி தம் திருமணத்தைப் பற்றியும் தம் நிலத்தகராற்றைப் பற்றியும் ஆய்வாளரை நம்பிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குரலை அயல்நாட்டு நிறுவனமொன்றின் வழங்கியில் ஏற்ற அவர் ஒப்புதல் தந்தாரா? அந்த ஒப்புதல் எதைக் குறிக்கிறது என்று அவருக்கு விளக்கப்பட்டதா? நெறிமுறைக் குழுவின் படிவத்தில் ‘தரவு பாதுகாப்பாக வைக்கப்படும்’ என்று எழுதிக் கையொப்பமிடும் நாம், அடுத்த நாளே அதை யாரோ ஒருவருடைய கணினிக்கு அனுப்புகிறோம். தன் மேசைமேல், இணையத் தொடர்பின்றியும் இயங்கவல்ல கணினியில் அந்தப் பதிவைக் கையாளுவதே அவ்வாக்குறுதியைக் காக்கும் எளிய வழி.

இரண்டாவது மறுப்பு: மாணவர்கள் அதில் விளையாடுவார்கள். விளையாடட்டும். இலக்கியத் துறை வாங்கும் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கப்படுவதால் திரைப்பட ஆய்வு நின்றுவிடவில்லை. மாதிரி பழகும் இரவில் கார்டு நிரம்பியிருப்பதால் விளையாட இடமிருக்காது என்பதையும் அறிந்தவர் அறிவர். ஆய்வாளரின் ஓய்வுநேரத்தைக் காவல் காப்பது கொள்முதல் குழுவின் பணியன்று.

மூன்றாவது: பாகங்களைத் தேர்ந்து கணினி கட்டுவது நம் வேலையா? இக்கேள்வியைக் கொல்கத்தாவில் கேட்பது பொருந்தாது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சமரேந்திர குமார் மித்ரா 1953இல் ஓர் ஒப்புமைக் கணினியை உருவாக்கினார். அந்நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் இணைந்து 1966இல் ஐஎஸ்ஐஜேயூ-1 என்ற டிரான்சிஸ்டர் கணினியை இயக்கத்துக்குக் கொண்டுவந்தன. கருவியைச் செய்தவர்களின் நகரில், நான்கு திருகுகளை முடுக்கிக் கார்டைப் பொருத்துவது ஆய்வாளரின் கௌரவத்துக்குக் குறைவு என்று பேசுவது எவ்வகை மரபு?

இவற்றை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025இன் இறுதியிலிருந்து ராமின் விலை கடுமையாக உயர்ந்துவருகிறது. தரவு மையங்களின் பசிக்கே நினைவகச் சில்லுகள் முதலில் போகின்றன. மைக்ரான் நிறுவனம், சாதாரண நுகர்வோருக்கு விற்றுவந்த குரூஷல் வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. மலிவான கார்டிலும் மலிவான ராமிலும் ஒரு மாணவர் தனியே ஆழ்கற்றல் பயிலக்கூடிய காலம் நிலையானது என்று எண்ணியிருந்தோம். அது மூடிக்கொண்டுவரும் கதவு என்று இப்போது தோன்றுகிறது. அது முழுதும் மூடினால், எந்த மொழிக்கு மாதிரி செய்யலாம் என்ற முடிவு வாடகைக்கு விடுபவரிடமே தங்கிவிடும்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். மானியக் குழு, கன்டிஜென்சி நிதியில் புலவாரியான வேறுபாட்டை நீக்கி, ஆய்வுக்கு இன்றியமையாத கணினிப் பாகங்களை அந்நிதியில் வாங்க வெளிப்படையாக அனுமதிக்க வேண்டும். துறைகள், வணிகப் பெயரை நோக்காமல் நினைவகம், மின்திறன், உத்தரவாதம் ஆகிய அளவுகளைக் கொண்டு விலைப்புள்ளி கோர வேண்டும். பாகங்களாக வாங்குவதையும் ஏற்க வேண்டும். ஒவ்வொரு மொழியியல் துறையும் குறைந்தது ஒரு 16 ஜிபி கார்டு உள்ள பொதுக் கணினியை, 8,000 ரூபாயில் வாழும் மாணவரும் முன்பதிவு செய்து பயன்படுத்தும் வகையில், இவ்வாண்டே அமைக்க வேண்டும். அதன் கோப்பில் ‘கேமிங்’ என்ற சொல் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். குரூக் மொழிப் பேச்சை எழுத்தாக்கும் மாதிரி அதில் பழகட்டும்.